லூர்துவின் வலது தோள்

ஒரு காலில் செருப்பு இல்லாமல் வகுப்புக்குள் நுழைந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. மாணவர்கள் சிரித்தபோது, என்ன சிரிப்பு என்று அதட்டினேன். ஆய்வக உதவியாளர் வராந்தாவிலிருந்து என் இடது செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தார். கால் அதற்குள் நுழைய மறுத்தது. குனிந்து பார்த்தேன். கால் என்னுடையதுதான். ஆனால் வேறு யாரோ அங்கே விட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது.

அப்போது திருச்சியில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஐம்பதைக் கடந்திருந்தேன். அன்று மாலைக்குள் இடது கையும் தொங்கிவிட்டது. பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார் மருத்துவர். பேச்சுக்கும் அறிவுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டில் சந்தோஷப்படுங்கள் என்றார். ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரைகளைப் பல வருடங்களாக நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. இப்போது நான் நன்றாக வயதானவன். வீட்டில் ஒருவர் படுத்துவிட்ட நிலையில் இதைப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன், படுத்து எழுந்தவர்களுக்காகவும். எப்படித் தேறினேன் என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. யாருடைய உடம்பைச் செலவழித்துத் தேறினேன் என்பது மீதி.

மருத்துவமனையிலிருந்து வந்தபின் சில மாதம் இயன்முறைப் பயிற்சி (மருந்தில்லாமல் அசைவுகளால் தசைகளைப் பழக்குவது) நடந்தது. நிற்க முடிந்தது. நடந்தால் இடது கால் தரையை இழுத்துக்கொண்டு வந்தது. அடியில் நான்கு கால் விரிந்த கைத்தடி ஒன்றை மருத்துவர் கொடுத்தார். நான் அதன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. தடியோடு கல்லூரி வாசலில் நிற்கும் என்னை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தடிக்குப் பதிலாக என் மனைவி லூர்துவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் இடப்பக்கம் நிற்பாள். என் இடது கை அவளுடைய வலது தோளில் கிடக்கும். அவள் நகர நான் நகர்வேன். தடி பிடித்தால் பார்ப்பவர்கள் நோயாளி என்பார்கள். மனைவியின் தோளில் கை வைத்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பது என் கணக்கு.

லூர்துவின் தங்கை செசிலி கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருந்தாள். அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தோ பாயோ என்ற பகுதியில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே தினமும் காலையில் 'தாய்ச்சி' நடக்கிறது, என்னைப் போலவே ஒரு பக்கம் விழுந்துபோன சீனப் பெரியவர் ஒருவர் அதைச் செய்து இப்போது தனியாகச் சந்தைக்குப் போய் வருகிறார் என்று எழுதியிருந்தாள். பால் கொடுக்கும் தாயைத் தாய்ச்சி என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கான பத்தியத்தை எனக்கு எதற்கு எழுதுகிறாள் என்று கேட்டேன். லூர்து கடிதத்தை வாங்கி மறுபடி படித்துவிட்டு, அது தாய் சி, சீனர்களின் பயிற்சி, மூச்சோடு சேர்த்துக் கைகாலை மெல்ல மெல்ல அசைப்பதாம் என்றாள்.

"போய்த்தான் பாப்போமேங்க," என்றாள். "இங்க உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டிருந்தா கால் வந்துருமா?"

மகன் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். கல்லூரியில் நீண்ட விடுப்புக் கொடுத்தார்கள். சில மாதம் சிங்கப்பூரில் தங்கிக் கற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. எங்கே தங்குவது என்பதில்தான் நான் தவறினேன்.

செசிலியின் கணவர் சவரிமுத்து, என் சகலை, சிங்கப்பூரிலேயே பிறந்தவர்; பேச்சில் அந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டு வரும். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைச் சரிபார்க்கும் எழுத்தர். செசிலிக்கு அவரைப் பேசியபோது எதிர்த்தவன் நான். "கப்பல்ல பெட்டி எண்ணுறவனுக்கா பொண்ணக் குடுக்கப்போறீங்க?" என்று மாமனார் வீட்டில் எல்லாரும் கேட்கும்படி சொன்னேன். அந்த வார்த்தை கடல் தாண்டி அவர் காதுக்குப் போய்விட்டது என்பதும் எனக்குத் தெரியும். அவர் அதை ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. அதனாலேயே அவர் வீட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது என்று தோன்றியது.

வந்து இறங்கிய முதல் சில நாள் அவர்கள் வீட்டில்தான் இருந்தோம். அவர்கள் குடியிருந்த மாடியில் மின்தூக்கி நிற்காது. மேல்மாடியில் இறங்கி ஒரு மாடி கீழே வரவேண்டும். அந்தக் காலத்துப் புளோக்குகள் பலவற்றில் அப்படித்தான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். படி இறங்குவது என் காலுக்கு ஒத்துவராது, வேறு இடம் பார்க்கலாம் என்றேன்.

"ஒரு மாடிதானே அத்தான். கைப்பிடியும் இருக்கு. பிடிச்சுக் கூட்டிட்டு வர நாங்க இல்லையா?" என்றாள் செசிலி.

லூர்து என்னைப் பார்க்கவில்லை. பெட்டியில் மடித்துவைத்த புடவையை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். சவரிமுத்து மறுபேச்சுப் பேசாமல் தன் ஓய்வு நாட்களில் என்னோடு இடம் தேட வந்தார்.

புக்கிட் மேராவில் ஒரு குடும்பம் கூடத்தில் திரை போட்டுப் பாதியைத் தருவதாகச் சொன்னது. இரவில் கழிப்பறைக்குப் போக வீட்டுக்காரர்களின் கட்டிலைச் சுற்றித்தான் போகவேண்டும். இன்னோர் இடத்தில் கீழ்த்தளத்திலேயே நல்ல அறை இருந்தது, ஆனால் ஆண்கள் மட்டும் தங்கும் வீடு. நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிறு பூசைக்குத் தமிழ்க் கோயிலுக்குப் போனபோது, பூசை முடிந்து வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்த ஒருவர் சொல்லி, சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு மசாலைக் கடைக்கு மேலே அறை கிடைத்தது.

அறை நன்றாகவே இருந்தது. இரண்டு ஜன்னல்கள். எட்டிப் பார்த்தால் பூ கட்டுகிறவர்கள், தையல்காரர்கள், வெற்றிலைத் தட்டு. மதியத்தில் கீழே கொத்தமல்லி வறுக்கும் மணம் ஏறி வரும். கடைக்காரர் என்னைச் சார் என்று கூப்பிட்டார். நோய் வந்தபின் யாரும் அந்தச் சொல்லை அந்த மாதிரி சொல்லவில்லை. நான் அதில் விழுந்துவிட்டேன்.

படிக்கட்டு மரத்தால் ஆனது. எங்கும் திரும்பாமல் ஏணியைப் போல நேராக மேலே ஏறியது. இரண்டு பேர் சேர்ந்தாற்போல் இறங்க அகலம் போதாது.

"இந்தப் படியா அண்ணே?" என்று சவரிமுத்து கேட்டார். பதிலுக்கு நான், வாடகைக்கு என்ன முன்பணம் என்று கடைக்காரரிடம் பேசத் தொடங்கிவிட்டேன்.

ஆக, என் சகலை வீட்டின் நேர் கீழே நடக்கும் பயிற்சிக்குப் போக, தினமும் விடியும் முன் எழுந்து அந்த மரப்படிகளில் இறங்கி, பேருந்து பிடித்துத் தோ பாயோவுக்குப் போனோம். படியில் லூர்து எனக்கு ஒரு படி கீழே நிற்பாள். நான் அவள் வலது தோளில் சாய்ந்து, என் பாரம் முழுவதையும் அதில் இறக்கி, ஒவ்வொரு படியாக வருவேன். திரும்பி வந்து ஏறும்போது பின்னாலிருந்து முட்டுக்கொடுப்பாள், அதே தோளால்.

பயிற்சி நடத்தியவரை எல்லாரும் மிஸ்ஸி என்றார்கள். அந்த ஊரில் தாதியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற சீன மருத்துவச்சி. பருத்த உடம்பு, உரத்த குரல், பொடிநடை போடும் யாரையும் நிறுத்திக் குறை சொல்லும் சுபாவம். நாலைந்து மொழி பேசுவார். தமிழும் பேசினார். ஆனால் அந்தத் தமிழ் முழுவதும் பிரசவ அறையில் கற்றது. ஆம்பளைகளிடம் பேசும் தமிழ் அவருக்குத் தெரியாது. என்னையும் மா என்றே கூப்பிட்டார்.

"மூச்சு விடு மா. பயப்படாதே மா. முக்காதே, முக்காதே. இப்ப முக்கக் கூடாது."

சுற்றிலும் சீனப் பெரியவர்கள் அமைதியாகக் கையசைத்துக்கொண்டிருக்க, நான் பிள்ளை பெறப்போகிறவளைப் போல் நின்றேன். எனக்குத் தோள் கொடுத்து நிற்கும் லூர்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

பயிற்சி என்று பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. முட்டியைக் கொஞ்சம் மடக்கி நிற்க வேண்டும். உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்ற வேண்டும். மற்றவர்கள் அதோடு நீண்ட அசைவுகளைச் செய்தார்கள். எனக்கு மிஸ்ஸி நிற்பதையும் மாற்றுவதையும் மட்டுமே கொடுத்தார்.

தமிழில் சொல் கிடைக்காதபோது மலாய்க்குத் தாவுவார். ஒருநாள் என் இடது தொடையில் பட்டென்று தட்டி, "இது கோசோங் மா. கோசோங்" என்றார். எனக்குத் தெரிந்தது காப்பிக்கடை மலாய். சர்க்கரை போடாத தேநீர் கோசோங். தொலைபேசி எண்ணில் பூஜ்யம் வந்தால் கோசோங். என் கால் பூஜ்யம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பூஜ்யம் போடுவது என் தொழில். எனக்கு யாரும் போட்டதில்லை. மறுநாள் பயிற்சிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. லூர்து காரணம் கேட்டபோது வயிறு சரியில்லை என்றேன்.

சவரிமுத்து வேலை முடிந்து படியேறி வந்தார். மிஸ்ஸி விசாரித்ததாகச் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கீழே கடைக்காரர் என்னவென்று குரல் கொடுத்தார்.

"அண்ணே, ஒரு டாக்ஸி கோசோங்கா வருதுன்னா என்ன? டாக்ஸி உருப்படாததுன்னா அர்த்தம்? உள்ள ஆள் இல்லலா, அவ்ளோதான். உங்க கால்ல பாரம் வைக்காதீங்க, காலியா விடுங்கன்னு அந்த அம்மா சொல்லுது. நீங்க கோவிச்சுக்கிட்டு ரெண்டு நாளா ரூம்ல உக்காந்திருக்கீங்க."

லூர்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது.

அதற்குப் பிறகு எனக்குப் புரியத் தொடங்கியது. பாரம் இருக்கும் காலைத் தூக்க முடியாது. நான் அதுவரை என் எடை நிற்கும் காலையே தூக்க முயன்று, அது வரவில்லை என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். முதலில் அதைக் காலி செய்யவேண்டும். சில வாரங்களில் இடது கால் லேசாவதை உணர்ந்தேன். பாதம் தரையில் உரசாமல் எழுந்தது. அந்த மகிழ்ச்சியில் ஒன்றைக் கவனிக்கவில்லை என்று எழுத ஆசைதான். கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து செசிலி வீட்டில் சாப்பிடுவோம். அப்படி ஒரு ஞாயிறு லூர்துதான் பரிமாறினாள். என் தட்டில் சோறு வைத்தபோது கரண்டி அவளுடைய இடது கையில் இருந்தது.

எங்கள் வீடுகளில் இடது கையால் யாரும் சோறு போடமாட்டார்கள். சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். எனக்குச் சுருக்கென்றது. சவரிமுத்துவும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன பழக்கம் இது? சிங்கப்பூர் வந்ததும் எல்லாம் மறந்துபோச்சா? யாருக்குப் போடுற, நாய்க்கா?"

"மறந்துட்டேங்க," என்றாள் லூர்து. கரண்டியை வலது கைக்கு மாற்றினாள். இடது கையால் வலது முழங்கையைக் கீழிருந்து தாங்கி, அப்படியே தூக்கி, என் தட்டில் சோற்றைப் போட்டாள். பாதிச் சோறு தட்டுக்கு வெளியே மேசையில் விழுந்தது.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையில் அதற்கு முன்பே தெரியும். படியிறங்கும்போது அவள் மூச்சைப் பிடிப்பது என் காதுக்குப் பக்கத்தில்தான் கேட்கும். உணர்விழந்த என் கை எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இருக்கலாம். என் பாரம் யார் மேல் இறங்குகிறது என்பது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஆமாம் என்றுவிடுவாள். பிறகு அந்தத் தோளை நான் விடவேண்டியிருக்கும். விட்டால் விழுந்துவிடுவேன் என்று பயம்.

விழுந்த சோற்றைச் செசிலி துடைத்தெடுத்தாள். நான் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டேன்.

அதற்குச் சில நாள் கழித்து மிஸ்ஸி என் முன்னால் வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். லூர்து வழக்கம்போல் என் இடப்பக்கம் நின்றாள், என் கை அவள் தோளில். நான் காலைக் காலி செய்து தூக்கிக் காட்டினேன். பாராட்டை எதிர்பார்த்தேன்.

மிஸ்ஸி லூர்துவின் கையைப் பிடித்து ஒரே இழுப்பில் விலக்கினார். நான் அப்படியே இடப்பக்கம் சரிந்தேன். அருகில் நின்ற பெரியவர் ஒருவர் பிடிக்காவிட்டால் தரையில் கிடந்திருப்பேன்.

"நீ கோசோங் பண்ணல மா," என்றார். "நீ இவ மேல பெனோ பண்ற." மலாயில் பெனோ என்றால் நிறைந்தது, பாரம் ஏறியது. "இவ உன் கால் இல்ல."

பிறகு லூர்துவின் வலது கையை மெல்ல உயர்த்தப் பார்த்தார். நெஞ்சு உயரம் வந்ததும் அவள் முகம் சுருங்கியது. சத்தம் வரவில்லை. மிஸ்ஸி கையை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எவ்ளோ நாள் வலி இவளுக்கு? உனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

"அவருக்குத் தெரியாது மிஸ்ஸி. நான்தான் சொல்லல," என்றாள் லூர்து.

இந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்துச் சொல்லப்பட்டவை. நான் பொய் சொன்னேன், அவள் அதற்கு முட்டுக்கொடுத்தாள். மிஸ்ஸி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாளைக்கே மருத்துவரிடம் போகச் சொன்னார்.

வெளிநோயாளர் மருத்துவமனையில் நெடுநேரம் காத்திருந்தோம். சவரிமுத்து அரைநாள் விடுப்பு எடுத்து வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்தவர் இளவயதுச் சீன மருத்துவர், ஆங்கிலம் பேசினார். லூர்துவுக்கு ஆங்கிலம் வராது. அவர் கேட்பதைத் தமிழில் சொல்லி, அவள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவன் நான்.

தோளைத் தொட்டு, அசைத்து, பின்னால் திருப்பிப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்தாள். தசைநார் (தசையை எலும்போடு கட்டும் நார்) கொஞ்சம் கிழிந்திருக்கிறது, அதோடு உறைதோளும் (மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிக் கை தூக்க முடியாமல் போவது) சேர்ந்திருக்கிறது என்றார். எப்படி வந்தது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

லூர்து கொஞ்சமும் யோசிக்கவில்லை. வரும் வழியிலேயே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

"ஊர்ல தண்ணிக் குடம் தூக்கித் தூக்கி வந்ததுன்னு சொல்லுங்க."

மருத்துவர் பேனாவோடு என்னைப் பார்த்தார். நான் கல்லூரியில் பல வருடம் ஆங்கிலத்தில் பாடம் நடத்தியவன். ஒரு சின்ன வாக்கியம்தான். குடம் என்று சொன்னால் முடிந்தது. அவர் அதை எழுதியிருப்பார். நாங்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு, பேருந்து ஏறி, அந்த மரப்படிக்குத் திரும்பியிருப்போம்.

ஆங்கிலத்தில் நான் சொன்னது இது: என் எடையால் வந்தது. நடக்கும்போதும் படியிறங்கும்போதும் அவள் தோளில்தான் ஊன்றினேன். கைத்தடி கொடுத்தார்கள், நான் எடுக்கவில்லை. வலிக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன சொல்றீங்க?" என்றாள் லூர்து. "கொடம்னு சொல்ல இவ்வளவு நேரமா?"

"கொடம்னு சொல்லல. என்னாலதான்னு சொன்னேன்." பிறகு, "எனக்குத் தெரியும் லூர்து. அன்னைக்கு நீ சோறு போட்டப்பவே தெரியும். அதுக்கு முன்னாடியும் தெரியும்."

அவள் தன் கையைப் பார்த்தபடி இருந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்," என்றாள்.

அவள் என்ன சொன்னாள் என்று மருத்துவர் கேட்டார். அதை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. இனி அந்தத் தோளில் எந்தப் பாரமும் ஏறக்கூடாது, கை எவ்வளவு திரும்பி வரும் என்பதை இப்போது சொல்ல முடியாது, முழுமையாக வராமலும் போகலாம் என்று மட்டும் சொன்னார். அதை வார்த்தை தப்பாமல் தமிழில் சொன்னேன். லூர்துவின் கையைத் துணியில் மடித்துக் கழுத்தில் கட்டிவிட்டார்கள்.

வெளியே வந்து சவரிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வராந்தாவில் கூட்டமாக இருந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"சவரிமுத்து, உங்க வீட்ல எங்களுக்கு ஒரு இடம் இருக்குமா?"

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார்.

"எடம் இருக்குலா அண்ணே. நீங்க வர்றீங்கன்னு லெட்டர் வந்த அன்னைக்கே பிள்ளைங்க பாயத் தூக்கிட்டு ஹாலுக்கு வந்துருச்சுங்க. நீங்க அங்க ரூம் எடுத்தப்புறம், உள்ள போய்ப் படுங்கன்னு சொன்னேன். பெரியப்பா திரும்பி வருவாங்கன்னு செசிலி விடல. இன்னும் ஹால்லதான் படுக்குதுங்க."

நான் பழைய பேச்சைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். கப்பல், பெட்டி என்று வாய் குழறியது. அவர் எழுந்து நின்றார். "மருந்து குடுக்குற எடத்துல லைன் நீளமா இருக்கு அண்ணே, நான் போய் நிக்கிறேன்," என்று போய்விட்டார். அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை எடுக்க அவர் எனக்கு இடம் கொடுத்ததில்லை. மன்னிப்பு என்பது கேட்டால் கிடைக்கும் என்று நான் நினைத்திருந்தேன். கேட்க விடாமல் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் கனமானது.

அறையைக் காலி செய்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாமான்களைச் சவரிமுத்து கீழே கொண்டுபோய்விட்டார். லூர்து முதலில் இறங்கிப்போய்க் கீழே நின்றாள். கையில் கட்டு. நான் மேல்படியில் நின்றேன்.

"தூக்கிடலாமா சார்?" என்றார் கடைக்காரர்.

வேண்டாம் என்றேன். சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தேன். வலது காலைக் கீழே ஊன்றி, இடுப்பை அடுத்த படிக்கு இறக்கினேன். தவழும் குழந்தை படியிறங்குவதுபோல. கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பாதி வந்தபோது இடது கால் மடங்கிக்கொண்டு வழுக்கியது. லூர்து ஏறி வரக் காலெடுத்தாள்.

"அங்கேயே நில்லு," என்றேன்.

"விழுந்துருவீங்க."

"விழுந்தா விழுறேன். நீ பிடிக்கக்கூடாது."

அவள் நின்றாள். ஒருவரைப் பிடிக்காமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது புரியும். கீழே வந்து சேர்ந்ததும் என் வேட்டியின் பின்பக்கத் தூசியை ஒரு கையால் தட்டிவிட்டாள். "ஊரே பாக்குது," என்றாள் மெல்ல. பார்க்கட்டும் என்றேன்.

அன்றிலிருந்து கைத்தடி, அங்கேயே வாங்கிய சாதாரணத் தடி. சவரிமுத்து பிணைக் கையெழுத்துப் போட்டு எங்கள் வருகை அனுமதியை நீட்டித்துக் கொடுத்தார். பிள்ளைகள் கூடத்தில் படுக்க, நாங்கள் அவர்கள் அறையில் இருந்தோம். செசிலி குறை ஒன்றுதான் சொல்வாள்: அத்தான் காலையில் செய்தித்தாளை முதலில் எடுத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறார்.

மிஸ்ஸி லூர்துவையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார். எங்களைச் சேர்ந்து நிற்க விடவில்லை. அவள் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். அவள் கை எவ்வளவு எழுகிறதோ அவ்வளவு எழட்டும் என்று விட்டார். நான் விழுந்தேன், இரண்டு முறையோ மூன்று முறையோ. சீனப் பெரியவர்கள் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தங்கள் அசைவைத் தொடர்ந்தார்கள்.

ஒருநாள் காலையில், தடியைத் தூணில் சாய்த்துவிட்டு, எடை முழுவதும் வலது காலுக்குப் போகும்வரை காத்திருந்தேன். முன்பெல்லாம் காத்திருக்க மாட்டேன். இடது பாதம் தானாகவே எழுந்து, முன்னால் போய், குதிகாலை முதலில் வைத்தது. யாரையும் பிடிக்கவில்லை.

மிஸ்ஸி பார்த்துவிட்டார். அந்தத் தளம் முழுவதும் கேட்க, "தலை தெரியுது மா! தலை தெரியுது!" என்று கத்தினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் கோடியில் லூர்து தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலிக்க வலிக்கச் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. பிரசவ அறையில் பிள்ளை வெளியே வரும் நேரத்தில் தாய்க்கு அப்படித்தான் சொல்வார்கள் என்று வீட்டுக்கு வந்தபின் எனக்குச் சொன்னாள். "நான் நம்ம பிள்ளையப் பெத்தப்பவும் அதத்தான் சொன்னாங்க. அப்புறம் எல்லாம் சட்டுனு முடிஞ்சுரும்," என்றாள்.

எனக்குச் சட்டென்று ஒன்றும் முடியவில்லை. ஊர் திரும்பி, கல்லூரியில் சேர்ந்து, ஓய்வும் பெற்றேன். தாய் சி என்னைக் குணமாக்கியது என்று சொல்லமாட்டேன். இதில் எவ்வளவு பயிற்சியால் வந்தது, எவ்வளவு தானாகவே வந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது என்று பிறகு ஒரு மருத்துவர் சொன்னார். லூர்துவின் கை காது உயரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வரவே இல்லை. உயரத் தட்டில் இருப்பதையெல்லாம் இத்தனை வருடமாக நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவள் அதை மறந்துவிட்டவள்போல் கேட்கிறாள். நானும் மறந்துவிட்டவன்போல் எடுத்துக் கொடுக்கிறேன். இரண்டு பேரும் மறக்கவில்லை.

இதைப் படிப்பவர் நோயாளியானால் ஒன்று சொல்கிறேன். உங்களைத் தாங்குகிறவரின் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் வாய்விட்டுக் கேளுங்கள்.

என் உடம்பு இப்போது அவசரப்படுவதில்லை. ஓர் அடி வைப்பதற்குள் பல காரியம் நடக்கிறது. பாரம் ஒரு பக்கம் போய்ச் சேர்கிறது, மறுபக்கம் விடுபடுகிறது, பாதம் கிளம்புகிறது, தரையைத் தேடுகிறது, கண்டுகொள்கிறது. முன்பு இவ்வளவும் நடந்தது எனக்குத் தெரியாது. தெருவைக் கடப்பதற்கே ஒரு காலைப்பொழுதின் நல்ல பகுதி செலவாகிறது. அதில் வீணானது எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குச் சேர்ந்தே கிளம்புகிறோம். தெரு முனைக்குள் லூர்து என்னை முந்திவிடுகிறாள். ஊர் திரும்பிய புதிதில் நாலடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பாள். பிறகு முனையில் மட்டும் நின்று பார்த்தாள். எப்போது அதையும் நிறுத்தினாள் என்று எனக்கு நினைவில்லை. இப்போது தன் போக்கில் நடந்துபோய், பெண்கள் பக்கம் அமர்ந்து, பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துவிடுகிறாள். நான் போய்ச் சேரும்போது பூசை தொடங்கியிருக்கும். வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காத அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்க்கிறேன். பிறகு உள்ளே போகிறேன்.